குவியாத கை

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து பொரிந்து தீப்பிடித்த அன்று பாக்கியவதியின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெந்துபோயின. தீபாவளி சீசன். லோடு ஏற்றிப்போன மாட்டுவண்டி திரும்பினால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். கூட வேலை செய்த நாங்கள் அவளை வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தோம். "தண்ணி... தண்ணி..." என்று முனகினாள்.

கம்பெனியை ஒட்டியே முதலாளி வீடு. வீட்டம்மா லட்சுமிகாந்தம் செம்போடு ஓடிவந்தாள். கெட்டவள் இல்லை, கண்ணுகளா. மத்தியானந்தோறும் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளே அவள்தான். ஆனால் சேரியிலிருந்து வந்த எங்களுக்கு டம்ளர் கிடையாது. குனிந்து கையைக் குவிக்க வேண்டும், உயரத்திலிருந்து விழும். பெயரும் கிடையாது. ஆனைக்குட்டத்திலிருந்து வருகிற பாக்கியவதி நாலு வருசமாக வெறும் "ஏ ஆனைக்குட்டம்"தான்.

அன்றைக்கும் பழக்கத்தில் செம்பைச் சாய்த்தபடி, "கையக் குவி புள்ள" என்றாள்.

பாக்கியவதி கைகளைத் தூக்கினாள். குவிக்க அவற்றில் தோல் இல்லை.

சாய்ந்த செம்பு அப்படியே நின்றது. பிறகு அந்த அம்மா மண்ணில் உட்கார்ந்தாள். பாக்கியவதியின் தலையை மடியில் ஏந்தி, செம்பின் விளிம்பை உதட்டில் வைத்தாள்.

"மெல்லக் குடி தாயி. உம் பேரென்ன?"

"பாக்கியவதிம்மா."

"பிள்ளைக இருக்கா?"

"கடைசிக்கு எட்டு மாசம். இந்தக் கைய வச்சு அவன எப்படித் தூக்குவேன்?"

லட்சுமிகாந்தத்துக்கும் வீட்டில் கைப்பிள்ளை.

வாசலிலிருந்து மாமியார் பேச்சியம்மாள் கத்தினாள்: "அந்தச் செம்பு இனி நடை தாண்டி உள்ள வரக்கூடாது, ஆமா!"

"அப்ப நானும் செம்பும் வெளியவே இருந்துக்கிடுதோம் அத்தை" என்றவள், கம்பெனிப் பையன் பக்கம் திரும்பினாள். "ஏலே உக்கிரபாண்டி, வண்டி எங்கன வருதுன்னு ஓடிப் பாருலே!"

அந்த வலியிலும் பாக்கியவதியின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்புத்தான்.

வண்டியில் லட்சுமிகாந்தமும் ஏறினாள். அதன்பிறகு வாரம் ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வந்தாள். "மொத நாளு எங் கை கூசுச்சு, பொய் சொல்ல மாட்டேன்" என்று பின்னால் என்னிடமே சொன்னாள்.

மாசியில் பாக்கியவதி வேலைக்குத் திரும்பினாள். மத்தியானம் வரிசையாகக் குனிந்து கைகளைக் குவித்தோம். அவளும் குவித்தாள். இறுகிப்போன விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

லட்சுமிகாந்தம் செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். திரும்பும்போது அவள் மடி கலகலத்தது. வீட்டு டம்ளர்களையெல்லாம் வாரிக் கட்டியிருந்தாள். பலகையில் ஒவ்வொன்றாக வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

யாரும் எடுக்கவில்லை. குவித்த கையைப் பிரிக்க எங்களுக்குத் தெரியவில்லை. பாக்கியவதிதான், விறைத்த இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு டம்ளரை இடுக்கி எடுத்தாள். அது ததும்பித் ததும்பி அவள் உதட்டை நோக்கிப் போனது.