வெற்றுத்தாளில் இரண்டு கையெழுத்து

ஓய்வு பெற்ற வனக்காவலரும், அவர் பிடித்துக் கொடுத்த மெக்கானிக்கும் ஒன்பது வருஷமாக ஒரே பஸ்ஸில்தான் நீதிமன்றத்துக்கு வந்துபோகிறார்கள். முதல் இரண்டு வருஷம் ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம். எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டிருப்பது? வராந்தா பெஞ்சில் இடம் போட்டு வைப்பது, டீ வாங்கித் தருவது, மூட்டுவலிக்கு எந்தத் தைலம் தேவலை என்று பேசுவது என்று ஆகிவிட்டது. சம்பந்திகள்கூட இவ்வளவு ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள்.

குற்றத்தில் சந்தேகமே இல்லை. மெக்கானிக் சுருக்கு வைத்து மானைப் பிடித்து, அறுத்து, சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றும்போது கையும் களவுமாக மாட்டினான். சினை மான். வயிற்றுக்குள் இருந்த குட்டியையும் வனக்காவலர் பார்த்தார். இவனைத் தூக்கில் போட்டாலும் தகும் என்று அன்றைக்கு நினைத்தார். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஆத்திரத்துக்கும் வயசாகும்போல. ஆனால் சட்டத்துக்கு வயசாகவில்லை: குறைந்தது மூன்று வருஷம் ஜெயில். அதற்குக் கீழே குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது.

வழக்கில் ஒரு ஓட்டை இருந்தது. பறிமுதல் செய்யும் இடத்திலேயே இரண்டு பேர் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நடுக்காட்டில் சாட்சிக்கு யாரைத் தேடுவது? அதனால் மாசம் பிறந்ததும் டீக்கடைக்காரரிடமும் தையல்காரரிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது வனக்காவலர்களின் வழக்கம். ஆள் மாட்டியதும் மேலே எழுதி நிரப்புவார்கள். அந்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த வழக்கிலும் அப்படித்தான்; அதைக் கோர்ட்டில் சொல்லக்கூடியவர் இனி வனக்காவலர் ஒருவர்தான், சொன்னால் வழக்கு நிற்காது.

பேச்சுவாக்கில் இதை எப்போதோ மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார். போன வாரம் அவன் மனைவி வீடு தேடி வந்தாள்.

"அண்ணே, அவரு தப்பே பண்ணலைன்னு சொல்லச் சொல்லல. கையெழுத்து எப்ப வாங்குனீங்களோ, அதை மட்டும் சொல்லுங்க. பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல."

"உள்ளதைச் சொல்லிடறேம்மா," என்றார். மனசாரத்தான் சொன்னார்.

கூண்டில் ஏறும்போதே முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மெக்கானிக்கின் வக்கீல் தேதி, இடம், சாக்கின் நிறம் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியாக நம்பிக்கையோடு அந்தக் கேள்விக்கு வந்தார்.

"சாட்சிங்க ரெண்டு பேரும் எங்க வச்சு கையெழுத்துப் போட்டாங்க?"

"ஸ்பாட்லயேங்கய்யா. என் கண்ணு முன்னாடிதான் போட்டாங்க."

சொன்னது தான்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. முப்பது வருஷத்தில் நூறு வழக்குகளில் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிப் பழகிய வாய், அவர் யோசிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டது. வக்கீல் காத்திருந்தார். திருத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழைய வழக்குகளையெல்லாம் கிளறுவார்கள், வேலையில் இருக்கிறவர்களையும் இழுப்பார்கள். அத்தனைக்கும் நின்று பதில் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை. "அவ்வளவுதானா?" என்று நீதிபதி கேட்டார். வனக்காவலர் தலையாட்டினார்.

ஒன்பது வருஷம் நகர மறுத்த வழக்கு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று வருஷம்.

போலீஸ்காரர் கூட்டிப்போகும்போது மெக்கானிக் வராந்தாவில் நின்றான். "விடுங்கண்ணே. அறுத்தது நான்தானே. வீட்ல மட்டும் நேர்ல போய் சொல்லிடுங்க. போன்ல வேணாம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது வனக்காவலருக்கு. பஸ்ஸில் பக்கத்து இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவன் வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

மெக்கானிக்கின் வீட்டில் அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரைத் தனியாகப் பார்த்ததும் எழுந்தாள். வாசலைத் தாண்டித் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவரிடம் திரும்பினாள்.

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"எப்பவும் சொல்றதைத்தாம்மா சொன்னேன்," என்றார்.