பலகையில் ஓடிய பெர்தோட்ஸி

பைக் பந்தயத்தில் ஓட்டுபவன் காதில் யாரும் எதுவும் ஓத முடியாது. சுற்றுக்கு ஒரே ஒரு தரம், நேர்ச்சாலையில் அவன் பறந்து போகும்போது, சுவரோரம் நிற்பவர், பின்னால் வருகிறவன் பெயரும் அவன் எத்தனை நொடி தள்ளி என்பதும் செருகிய ஒரு பலகையை நீட்டுவார். கண்ணை மூடித் திறக்கும் நேரத்துக்குள் அவன் அதைப் படித்தாக வேண்டும். நேரியோவுக்குப் பதினோரு வருஷமாகப் பலகை நீட்டுபவள் அவன் அக்கா ஒர்னெல்லா. இத்தாலியில் ஃபோர்லி ஊரில் கணக்கு டீச்சர். வார நாளெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு.

நேரியோ ஓட்டும்போது திரும்பிப் பார்க்கவே மாட்டான். “பின்னாடி பாக்குறது உன் வேலக்கா. நீ என்ன எழுதுனாலும் நான் நம்பிக்கிறேன்” என்று முதல் வருஷமே சொல்லிவிட்டான். அவளும் ஒரு தரம்கூடப் பொய் எழுதியதில்லை.

போன வருஷம் எழுதியது பொய் இல்லை, ஆனால் அதைவிட மோசம். கடைசிப் பந்தயத்தில் நான்கு நொடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். பட்டம் கைக்கு எட்டிவிட்டது. அணியின் முதலாளி வாஸ்கோ, தரை ஓடு விற்றுச் சம்பாதித்த மனிதர், அவசரக் குடுக்கை, ‘நிதானம்’ என்று எழுதச் சொல்லி அவளைப் பிடுங்கி எடுத்துவிட்டார். எழுதினாள். தம்பி நிதானித்தான். டயரின் சூடு இறங்கிப் பிடிப்பு விட்டது, அவன் கவனமும் இறங்கியது. இரண்டு வளைவு தாண்டி, மெதுவாகத் திரும்ப வேண்டிய இடத்தில், சைக்கிள் பழகுகிறவன் மாதிரி சரிந்து விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. பட்டத்தை, புள்ளியில் அவனுக்கு அடுத்து இருந்த பெர்தோட்ஸி கொண்டுபோனான். நேரியோ அதைப்பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வருஷமும் முஜெல்லோ ஓடுதளத்தில் கடைசிப் பந்தயம், அதே பெர்தோட்ஸி. அதுவரையிலான பந்தயங்களில் அவன் நான்கு புள்ளி முன்னால் இருந்தான். நேரியோ ஜெயித்தே ஆக வேண்டும், இரண்டாம் இடம் போதாது. வயது முப்பத்தைந்து. இன்னொரு வாய்ப்பு வராது என்று சமையல் வண்டியில் பியதீனா ரொட்டி சுடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

ஏழு சுற்று மிச்சமிருக்கும்போது நேரியோ முதலில், பெர்தோட்ஸி அரை நொடி பின்னால். அடுத்த சுற்றில் நேரியோ சுவரைக் கடந்தான். பின்னால் யாரையும் காணோம். பெர்தோட்ஸி, சங்கிலி அறுந்த வண்டியோடு, சத்தமே இல்லாமல் உருண்டு பழுதுபார்க்கும் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினான். நேரியோவுக்கு இது தெரிய வழியே இல்லை.

வாஸ்கோ ஓடி வந்தார். இனிப் பதினோராவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தாலும் பட்டம் நமக்குத்தான் என்றார். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் பதறிப்போய், அபசகுனம் கழிய ஆளுக்கு ஓர் இரும்பைத் தொட்டுக்கொண்டார்கள். முடிவதற்கு முன்னால் அப்படிச் சொல்லலாமா!

“ஏம்மா, பெர்தோட்ஸி அவுட்டுன்னு எழுது. மெதுவா வந்தாப் போதும்னு எழுது.”

“எழுத மாட்டேன்.”

“நான் முதலாளிம்மா.”

“சரி முதலாளி. பலகை பன்னெண்டு கிலோ, இந்தாங்க, நீங்களே நீட்டுங்க. அவன் விழுந்தா நீங்களே போய் எடுத்துட்டு வாங்க.”

அவர் வாங்கவில்லை. ஒர்னெல்லா பெர்தோட்ஸியின் பெயரைக் கழற்றாமல் அப்படியே விட்டாள். அதன் கீழே ‘0.6’ என்று எண்களைச் செருகி நீட்டினாள். வாழ்க்கையில் முதல் பொய். இல்லாத ஒருவனுக்குப் பயந்து ஓட்டி இவன் விழுந்தால், இந்த முறை காறை எலும்போடு போகுமா?

நேரியோ இன்னும் முறுக்கினான். அடுத்த சுற்றில், கடைசி வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் வழுக்கி வண்டி ஒரு உதறு உதறியது. அளவு மிஞ்சிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ‘1.1’ என்று மாற்றினாள். மூச்சு விட்டுக்கொண்டான், ஆனால் சுற்று நேரம் அரை நொடி கூடிப்போனது. இவ்வளவு தளரவும் கூடாது. ‘0.8’. அதில் சரியாக நின்றான். ஓட்டுகிறவன் அவன்தான், ஆனாலும் அந்த ஆறு சுற்றும் கைப்பிடியின் ஒரு முனை சுவரோரத்தில் இவள் கையில் இருந்தது. உண்மையில் இரண்டாவதாக வந்தவன் பன்னிரண்டு நொடி தள்ளி வந்துகொண்டிருந்தான். அவனை இவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இதற்குள் பெர்தோட்ஸி தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். பலகையைப் படித்தான். அவளைப் பார்த்தான்.

“நான் நல்லா ஓட்டுறனா?” என்றான்.

“பரவால்ல. கடைசி வரைக்கும் விடாம வர்ற.”

அவன் சிரிக்கவில்லை. பட்டம் போன வலி முகத்தில் இருந்தது. ஆனாலும் பலகையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தான். கடைசிச் சுற்றில் ‘0.8’ என்ற எண்களை இருவருமாகத்தான் நீட்டினார்கள்.

கொடி விழுந்தது. நேரியோ முதலாவதாகக் கடந்து, ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். திரும்பிப் பார்த்தான். சாலை காலியாக இருந்தது.

மெதுவாக ஒரு சுற்று வந்து வண்டியை நிறுத்தியபோது, எதிரே அக்காவின் பக்கத்தில் பெர்தோட்ஸி நின்றுகொண்டிருந்தான்.

“நீ எப்படா எனக்கு முன்னாடி வந்த?”

“ஆறு சுத்துக்கு முன்னாடியே. ஒங்கக்காதான் என்னைய விடல” என்று சொல்லி, அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு, பெர்தோட்ஸி தன் ஆட்களிடம் போய்விட்டான்.

நேரியோ தலைக்கவசத்தைக் கழற்றினான். பலகையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். மெக்கானிக்குகள் அவனைத் தூக்க வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவன் கோபப்படுவான் என்றுதான் ஒர்னெல்லா எதிர்பார்த்தாள்.

“போன வருஷமும் இப்படி எழுதியிருக்கலாமேக்கா” என்றான் மெல்ல.

“ஒரு வருஷமா நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன், தம்பி.”

அவன் வியர்வையில் ஊறிய கையுறையோடு அவள் கையிலிருந்த பலகையை வாங்கிக் கீழே வைத்தான்.