குடைத்துணி வைத்த பட்டுப்பை

பட்டுக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதியாவது குடைத்துணிக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. யார் வந்தாலும் வாதாடத் தயார். பட்டு மினுக்கும், கண்ணைப் பறிக்கும், எல்லாம் சரி. ஆனால் ஒரு பை பத்து வருஷம் உழைக்குமா, பத்து நாளில் பல்லிளிக்குமா என்பது உள்ளே வைத்துத் தைக்கிற துணியைப் பொறுத்தது.

என் வீட்டுக்காரர் பஷீருதீனுக்குச் செங்கல்பட்டு பஜாரில் குடை ரிப்பேர் கடை. ஐப்பசி கார்த்திகையில் மனுஷருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. தை பிறந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில்தான் நான் சுருக்குப்பை தைக்க ஆரம்பித்தேன். காஞ்சிபுரத்தில் ரவிக்கை தைக்கிறவர்களிடம் வெட்டி விழுந்த பட்டுத் துண்டுகளை எடை போட்டு வாங்கி வருவேன். கடையில் மிச்சம் விழுகிற கறுப்புக் குடைத்துணியை உள்துணியாக வைப்பேன். உள்துணியின் தையல்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ஊசி போன ஓட்டையை எல்லாம் அடைப்பேன். பட்டு நூலைத் திரித்துக் கயிறாக்கி, முனையில் குஞ்சம் கட்டிவிட்டால் பை தயார்.

முதல் வியாபாரம் மாமல்லபுரத்தில். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் கேசவன் என்கிற பையன் கல் பிள்ளையாரும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்தான். ஓரமாக ஒரு கயிறு கட்டிப் பைகளைத் தொங்கவிட இடம் கொடுத்தான். வெள்ளைக்காரர்கள் வந்தால் அவன் கையைக் காலை ஆட்டி ஏதோ இங்கிலீஷ் பேசுவான். எனக்கு அந்த வம்பே கிடையாது. பையின் வாயை விரித்து, ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றி, கயிற்றை விரலில் மாட்டிப் பிடித்துக்கொள்வேன். அவர்கள் குனிந்து பையின் அடியைப் பார்ப்பார்கள். எப்போது சொட்டும் என்று காத்திருப்பார்கள். சொட்டாது. தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் பையை நீட்டினால் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன் நைனா முகம்மதுதான் குறுக்கே விழுந்தார். பெரிய மச்சான் என்று கூப்பிடுவோம். கடை இரண்டு பேருக்கும் பொது என்றாலும் சொல் அவருடையது. கடையின் முன்பாதியில் வாடகை சைக்கிள் வைக்கப் போவதாக ஒரு நாள் அறிவித்தார். கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டுமானத்துக்கு ஆள் குவிகிறது, இந்தப் பக்கமெல்லாம் சைக்கிளுக்குக் கிராக்கி வரும் என்பது அவர் கணக்கு. எனக்கோ அந்த முன்பாதிமேல் ஒரு வருஷமாகக் கண். தெருவைப் பார்த்த இடம். அங்கே பைகளைத் தொங்கவிட்டால் பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்ப்பார்கள். அதை நான் சொன்னதும் அவர் சிரித்தார். ஒரு நல்ல ஆர்டர் பிடித்து, அதை ஒழுங்காக முடித்து, கொடுத்தவர் வாயால் திருப்தி என்று கேட்டு வா, அப்புறம் முன்பாதியைப் பற்றிப் பேசலாம் என்றார். அவர் சிரித்தது எனக்கு முள்ளாகக் குத்தியது. பேசுவதெல்லாம் வேண்டாம், முடித்தால் இடம் எனக்கு என்று சொல்லுங்கள் என்றேன். சரி என்றுவிட்டார்.

அந்த ஆர்டரைக் கொண்டுவந்தவர் சம்பூர்ணம்மாள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம், நிலபுலன் உள்ள குடும்பம். மகளுக்கு வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் வேலை. மாமல்லபுரம் போனபோது கேசவன் கடையில் என் பைகளைப் பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்கு வருகிற சுமங்கலிகளுக்குத் தாம்பூலத்தை இப்படி ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் ஊரே பேசும் என்று தோன்றியிருக்கிறது. விசாரித்துக்கொண்டு செங்கல்பட்டுக்கே வந்து நூற்றைம்பது பை கேட்டார். கல்யாணக் களையாக இருக்க வேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

எனக்கா தெரியாது? அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று பொறுக்கி எடுத்தேன். கறுப்புக் கரை வந்த துண்டு, கறுப்போ என்று சந்தேகம் தருகிற கருநீலம் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். இந்துக்கள் வீட்டு நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மாதம் உட்கார்ந்து தைத்தேன். உள்ளே வழக்கம்போல் குடைத்துணி.

இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நூற்றைம்பது பைக்கும் கறுப்பு உள்துணியை நானே வெட்டினேன், நானே வைத்தேன், மெழுகு தேய்த்தேன். ஒரு தடவைகூட அது கறுப்பு என்று என் புத்தியில் ஏறவில்லை. எனக்கு அது குடைத்துணி, அவ்வளவுதான். குடைக்காரன் வீட்டில் அதற்கு நிறமே கிடையாது.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை காலையிலேயே மூட்டையோடு பஸ் ஏறிப் போய் இறங்கினேன். சம்பூர்ணம்மாள் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரப் பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பைகளைப் பரப்பியதும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே கொள்கிறதா பார்க்கலாம் என்று ஒரு மாமி வெற்றிலை, மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்து வந்து ஒரு பையின் வாயை விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது. பையைச் சம்பூர்ணம்மாளிடம் கொடுத்தார்.

சம்பூர்ணம்மாள் உள்ளே பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால்கூட நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

"உள்ள கருப்பு கீதே, பாயம்மா," என்றார் மெதுவாக. "இதுல மஞ்சளும் குங்குமமும் போட்டு ஒரு சுமங்கலி கையில நான் எப்டிக் குடுப்பேன்?"

உள்துணியின் அருமையை எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். அவர் கேசவன் கடையில் பார்த்த பைகள் எல்லாம் வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டுத் தொங்கியவை. வெளிப்பக்கத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர். உள்ளே என்ன வைப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். அதையே சொன்னேன். தப்பு என்னுடையது, புதன்கிழமை காலையில் நூற்றைம்பதையும் கறுப்பே இல்லாமல் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் விரல் விட்டு நாளை எண்ணினார். புதன்கிழமை பத்து மணிக்குள் வராவிட்டால் ஆள் அனுப்பி எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிடுவேன் என்றார். நியாயமான பேச்சு. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பயந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

கடையில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய மச்சான் அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். கறுப்பின்மேல் ஒரு மஞ்சள் துணியைப் போட்டு வாயோடு சேர்த்து அடித்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"எனக்குத் தெரியுமே, பெரிய மச்சான்," என்றேன். "அந்தம்மா வேணாம்னு சொன்னத மறச்சு அவங்க கையிலயே குடுக்கச் சொல்றீங்களா? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற வேல எனக்கு வராது."

அவருக்குக் கோபம். அப்படியானால் முன்பாதியை மறந்துவிடு என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிரித்துத் தைப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உள்துணி பட்டோடு சேர்வது பையின் வாயில் மட்டும்தான். அந்தத் தையலைப் பிரித்தால் கறுப்பு முழுசாக வெளியே வந்துவிடும். ஆனால் பட்டில் ஊசி போன ஓட்டை வரிசையாக நிற்கும். பருத்தி என்றால் நனைத்துத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். பட்டு மறக்காது. அதற்கு வழி சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். பழைய குடைத்துணி ஓரத்தில் நைந்து வந்தால் அவர் ஒரு விரற்கடை உள்ளே மடித்துத்தான் மறுபடி தைப்பார். அதே மாதிரி பையின் வாயையும் ஒரு விரற்கடை மடித்துவிடு, ஓட்டை எல்லாம் மடிப்புக்குள் போய்விடும் என்றார். பை கொஞ்சம் குள்ளமாகும். வெற்றிலைக்கும் மஞ்சளுக்கும் அது போதும்.

அன்றைக்கே மஞ்சள் பாப்ளின் வாங்கி வந்தேன். குடைக் கம்பியிலிருந்து துணியைக் கழற்றுகிற சின்னக் கத்தியால் அவர் தையலைப் பிரித்துக் கொடுக்க, நான் மெஷினில் உட்கார்ந்தேன். பட்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பை போச்சு, மாற்றுத் துண்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அறுபது பிரித்தார். திங்கட்கிழமை மத்தியானம் நூற்றுப்பத்து ஆனபோது அவர் கட்டைவிரல் வீங்கி, கத்தியைப் பிடிக்க முடியவில்லை. மிச்சம் நாற்பது. எவர்சில்வர் கிண்ணம் கண்முன்னால் வந்து நின்றது.

பெரிய மச்சான் சைக்கிள் விஷயமாக யாரையோ பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். தம்பியின் விரலைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கத்தியை வாங்கி உட்கார்ந்தார். அவரும் குடைக்காரர்தானே, கை சும்மா இருக்குமா? அசருக்குப் பாங்கு சொன்னபோது எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நாற்பதில் ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. இதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் சம்பூர்ணம்மாள் வீட்டில் நின்றேன். பெரிய மச்சானும் கூட வந்தார். மூட்டையைத் தூக்க வந்தேன் என்றார். திருப்தி என்ற சொல்லைத் தன் காதால் கேட்க வந்தார் என்பது எனக்குத் தெரியாதா?

சம்பூர்ணம்மாள் ஒவ்வொரு பையாக வாயை விரித்துப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு பார்த்ததும் விடுவார் என்று நினைத்தேன். நூற்றைம்பதையும் பார்த்தார். கடைசியில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு, சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, வாயோரத்தில் நாலு தையலைப் பிரித்தார். விரலை உள்ளே விட்டு மஞ்சள் துணியைத் தூக்கி அடியில் பார்த்தார். அடியில் அரக்குப் பட்டின் மறுபக்கம் மட்டும் இருந்தது.

நான் திரும்பிப் பெரிய மச்சானைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மன்ச்சுக்கோ பாயம்மா, பாக்காம இருக்க முடியல," என்றார் சம்பூர்ணம்மாள். "எனக்குத் திருப்தி."

பிரித்த பையை வாங்கி அங்கேயே ஊசி நூலால் தைத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். போனோம். எல்லாப் பெண்கள் கையிலும் என் பை இருந்தது. சாப்பாட்டைவிட அதைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது முன்பாதி பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. மேலே குறுக்காக ஒரு புதுக் கயிறு கட்டியிருந்தது. வாடகை சைக்கிள் எல்லாம் கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போயிற்று. கழற்றிய நூற்றைம்பது கறுப்பு உள்துணிகளும் தையல் குலையாமல் அப்படியே இருந்தன. காஞ்சிபுரத்திலிருந்து புதுப் பட்டு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பட்டுச் சட்டை போட்டு முன்னால் தொங்கவிட்டேன். இந்த முறை எல்லாப் பைக்கும் வாய் திறந்தே இருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் சம்பூர்ணம்மாள் கடைக்கு வந்தார். ஏதோ பத்திர விஷயமாகச் செங்கல்பட்டுக்கு வந்தவர். ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த பையை எடுத்து உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். கல்யாணப் பைகளில் ஒன்று. மஞ்சள் பாப்ளின் முழுக்கச் சுண்ணாம்பும் பாக்குக் கறையும். ஒரு மூலையில் காசு உரசி நைந்திருந்தது.

"கல்யாணத்துக்கு இதாம்மா சரி," என்றார். "பொழங்கறதுக்கு உன் கருப்புதான். நல்லதா ஒண்ணு குடு."

என் கட்சி ஜெயித்துவிட்டது. அரக்கில் ஒன்றை இறக்கி, வாயை விரித்து, ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றி, கயிற்றை அவர் விரலில் மாட்டினேன். அவர் குனிந்து பையின் அடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா, சொட்டக் காணோம்?" என்றார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பெரிய மச்சான் சந்திலிருந்து ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"இன்னும் ஊத்தும்மா," என்றார். "நம்ம பை தாங்கும்."