சரி, போகலாம்

“ஒவ்வொருத்தர் பையையும் பிரிச்சுப் பார்த்துட்டுதான் ஏத்தணும்னா, இந்த வண்டி நாளைக்குத்தான்கா கிளம்பும்.”

“கிளம்பட்டுமே. என்ன குடி முழுகிடும்?”

“நீங்க சொல்லுவீங்க. ப்ளேனுக்கு ஒரே வாசல். இதுக்குப் பதினாறு பெட்டி, பெட்டிக்கு ரெண்டு கதவு, வழியில நாலு ஸ்டேஷன். எங்கன்னு நிறுத்தி வச்சுத் தடவுறது? அப்படியே நிறுத்தினாலும் வெளியில ஆயிரம் பேர் வரிசையில நிப்பாங்க. கெட்டது செய்யணும்னு வர்றவனுக்கு அந்த வரிசையே போதுமே.”

நடைமேடைக் காவலர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தாள்.

அவளுக்கு வேலை விமான நிலையத்தில். பத்தொன்பது வருடங்களாகப் பைகளின் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையில் சோப்பும் ரொட்டியும் ஆரஞ்சு நிறமாகப் போகும். சாவியும் கத்தரிக்கோலும் நீலமாகப் போகும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரைத் திரை முன்னால் உட்கார விடமாட்டார்கள். அதற்குப் பிறகு கண், இருப்பதை விட்டுவிட்டு, இருக்கும் என்று நினைப்பதைப் பார்க்கத் தொடங்கிவிடுமாம். இவளுடைய கண்ணில் மட்டும் இருபதாவது நிமிடத்திலும் யாரும் மண்ணைத் தூவியதில்லை. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘கழுகு’. திரையை விட்டு எழுந்தால் அடுத்த இருபது நிமிடம் மேஜையருகே நிற்பாள். சந்தேகப்பட்ட பையைத் திறந்து, அடிவரை கையை விட்டுப் பார்த்து, மூடிக் கொடுத்து, “சரி, போலாம்” என்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது.

இன்று அவளுக்கு விடுமுறை. காலையிலிருந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு அதிவேக ரயில்களைப் போகவிட்டாள். மூன்றாவது வண்டியையும் விட்டால், தங்கை மகளைப் பார்க்க முடியாது. ஐந்து மணிக்கு அவள் படிப்புக்காக வெளிநாட்டுக்குப் பறக்கிறாள்; திரும்பி வர நான்கு வருடமாகும். இங்கிருந்து அவள் இருக்கும் ஊருக்கு முன்பு விமானம் இருந்தது. இந்த ரயில் வந்து கூட்டத்தை இழுத்துக்கொண்ட பிறகு, போன வருடம் அதை நிறுத்திவிட்டார்கள்.

கைப்பேசி அதிர்ந்தது.

“பெரியம்மா, ஏறிட்டியா?”

“ஏறப்போறேன்டா.”

“காலையிலிருந்து இதையேதான் சொல்ற. அம்மா ஸ்வெட்டர எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துட்டேன். மஞ்சள்தானே?”

“ம். அங்க ரொம்பக் குளிராம். நீ வராம நான் உள்ள போகமாட்டேன். சொல்லிட்டேன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

“பொண்ணா?” என்றார் காவலர்.

“தங்கச்சி பொண்ணு. தங்கச்சி இப்ப இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. இதே வண்டி, மூணாவது பெட்டி.”

காவலர் தொப்பியைக் கழற்றினார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

“அன்னைக்கு எனக்கு லீவுக்கா,” என்றார், யாரும் கேட்காமலேயே.

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத இந்த மனிதரிடம் அவள் சொன்னாள்.

“ப்ளேன்லயா ரயில்லயான்னு எங்கிட்டதான் கேட்டா. அன்னைக்கு எனக்கு செக்கிங்ல ஒரு அம்மாகூடச் சண்டை, ஷாம்பு பாட்டிலுக்காக. அந்தக் கடுப்புல இருந்தேன். ‘ப்ளேன் எதுக்குடி, செருப்பக் கழட்டு, பெல்ட்டக் கழட்டுன்னு எங்க ஆளுங்க உயிர வாங்குவாங்க. ரயில்ல போ, உன் பைய ஒருத்தன் தொடமாட்டான்’னேன். ‘அட, கழுகே இப்படிச் சொல்லுதா!’ன்னு சிரிச்சா.”

தொடத்தான் இல்லை. தங்கையின் பையையும் தொடவில்லை. அவளுடைய இருக்கைக்கு மேலே யாரோ வைத்துவிட்டு இறங்கிப்போன, பிறகு வெடித்த சாம்பல் நிறப் பையையும் தொடவில்லை.

காற்றைத் தள்ளிக்கொண்டு வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்தன. முதுகுப் பைகள், சக்கரப் பெட்டிகள், ஒரு கிட்டார் உறை, வாய் கட்டிய அட்டைப்பெட்டி. எல்லாம் அவளைத் தாண்டி உள்ளே போயின. கண் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தது. ஆரஞ்சும் இல்லை, நீலமும் இல்லை. எல்லாமே மூடிய பைகள்.

எழுந்து கதவு வரை போனாள். வாசலில் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் அலுத்துக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

“ரெண்டு நிமிஷம்தான்கா நிக்கும். ஏறுங்க. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கு.”

அவள் திரும்பி வந்தாள். பையைப் பெஞ்சின் மேல் வைத்து, ஜிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துத் திறந்தாள். மஞ்சள் ஸ்வெட்டரின் கை ஒன்று வெளியே சரிந்தது.

“கைய விட்டுப் பாருங்க, தம்பி.”

“என்னக்கா இது? உங்களைப் பார்த்தா தெரியாதா?”

“பார்த்தா தெரியாது. பத்தொன்பது வருஷமா பார்க்குறேன், தெரியாது.”

கதவுகளின் மேல் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது.

“ஸ்வெட்டருக்கு அடியில, சைடு பாக்கெட்ல, எல்லாம் பாருங்க. இந்த ஒரு பையையாவது பார்த்துட்டு, ‘சரி, போலாம்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தம்பி.”