இரட்டைத் துடக்கு

கனகரத்தினம் இறந்தது பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் என்றுதான் நினைக்கிறேன். வெள்ளி இரவாகவும் இருக்கலாம். இந்தக் கதையைப் பலர் வாயால் கேட்டுவிட்டதால் யார் சொன்னது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனால் அடுத்து வந்த திங்கட்கிழமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அன்றைக்குத்தான் கஜானி லொறி ஏறுவதாக இருந்தது.

புன்னாலைக்கட்டுவனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐந்து வருடம் வான் ஓடியவள் அவள். பிறகு பயிற்சிக்குப் போய், கனரக வாகன லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த கையோடு வேலை தொடங்கியிருக்க வேண்டும். மார்கழி கழியட்டும் என்றார் தாய் மகாதேவி. மார்கழி கழிந்ததும் கிரகம் சரியில்லை என்றார் சாத்திரியார். கிரகம் ஒருவாறு வழிவிட்ட நேரம் தகப்பனின் திவசம் குறுக்கே வந்தது. கடைசியில் சாத்திரியாரே இந்தத் திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு மீன் லொறி விடுகிற லெனாட்டும் சம்மதித்தார். அவருடைய பழைய சாரதி கனடாவுக்குப் போய்விட்டிருந்தான்.

நாளும் இருந்தது, லொறியும் இருந்தது. அப்போதுதான் தகப்பனின் தமையன், பெரியப்பா கனகரத்தினம் செத்தார்.

சொல்ல வந்தவன் அவருடைய மகன் பிரகலாதன். பங்குக் கிணற்றுத் தண்ணீரில் தொடங்கிய சண்டையில் இரண்டு வீட்டுக்கும் வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. ஆகையால் உள்ளே வராமல் வாசல் படலையில் நின்றான்.

“சின்னம்மா, அப்பா மோசம் போட்டார். நாளைக்குக் காலமை எடுக்கிறம்.”

“ஐயோ மோனை…” என்று மகாதேவி வாசலில் அப்படியே குந்திவிட்டார்.

“கஜானிக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். திங்கக்கிழமை லொறி ஏறப்போறாளாம் எண்டு கேள்விப்பட்டன். துடக்கோடை புதுசா ஒண்டும் தொடங்கேலாது. முப்பத்தொண்டு கழியட்டும். அதுவரைக்கும் லொறியை எங்கடை தனோஜன் பாப்பான்.”

தனோஜன் அவனுடைய மனைவியின் தம்பி. லெனாட்டிடம் அதே வேலையை முன்பே கேட்டுத் திரிந்தவன்.

கஜானி வெளியே வந்தாள். “பெரியப்பா எப்ப அண்ணை போனவர்?”

“விடியப்புறம்.”

“அதுக்கிடையிலை தனோஜனுக்கு வேலையும் எடுத்துப்போட்டியள்.”

“வாயைப் பொத்தடி!” என்றார் தாய். “செத்தவீட்டுக்காரனோடை என்ன கதை?”

அவன் போய்விட்டான். மகாதேவி சாமிப் படங்களுக்கு முன்னால் திரையை இழுத்து மூடினார். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, வந்தால் முப்பத்தொரு நாளுக்குக் கோயில் வாசல் மிதிக்க முடியாது, நல்ல காரியம் எதிலும் கைவைக்க முடியாது. அதுதான் ஊர் முறை.

“அப்பா செத்த மாசம் பெரியப்பா துடக்குக் காத்தவரோ?” என்று கஜானி கேட்டாள். “அம்மன் கோயில் தேர்வடம் பிடிச்சவர். நீங்களும் நானும் ஒழுங்கைக்குள்ளை நிண்டு பாத்தனாங்கள்.”

“அவர் காக்காதது அவரோடை. நாங்கள் ஏன் அப்பிடி நடப்பான்? நீயும் காலாகாலத்திலை கலியாணம் கட்டிப் புருசன் பகுதிக்குப் போயிருந்தால் இந்தப் பகுதித் துடக்கே உனக்கு இல்லை.”

“திங்கக்கிழமைக்கு முன்னம் ஒருத்தனைப் பிடிச்சுத் தாங்கோ. கட்டிப்போட்டு ஓடுறன்.”

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டு நாளில் சிரித்தோமே என்று உடனே வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

கஜானி லெனாட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர்; இந்தக் கணக்குகள் அவருக்குப் பழக்கமில்லை. “தங்கச்சி, உங்கடை துடக்கு மீனுக்குத் தெரியாது. நீங்கள் வரேல்லையெண்டால் தனோஜன் ஏறுவான். ஏறினவனைப் பிறகு என்னாலை இறக்கேலாது, சொல்லிப்போட்டன்.”

அடுத்த நாள் இருவரும் செத்தவீட்டுக்குப் போனார்கள். பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கும்போது தனக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் கஜானி நினைத்திருந்தாள். முகம் ஒன்றும் செய்யவில்லை. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த கால்களில்தான் அவள் பார்வை மாட்டிக்கொண்டது. அகன்ற பாதம், உள்ளே வளைந்த சின்னவிரல். அப்பாவின் அதே கால்கள். அப்படியானால் துடக்கு என்பது வெறும் பேச்சல்ல, அது தன் உடம்பிலும் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. இருக்கட்டும், அதையும் கொண்டுதான் லொறி ஏறுவேன் என்று அதே இடத்தில் நின்று முடிவெடுத்தாள்.

பிரேதம் எடுக்க முன்னம் பிரகலாதன், பகுதி ஆட்கள் எல்லாரும் கேட்க, குரலை உயர்த்தினான். “சின்னம்மா, சபையிலை வைச்சுக் கேக்கிறன். நாளைக்கு உவள் லொறி ஏறுறாளோ, இல்லையோ?”

“ஏறுறன்,” என்றாள் கஜானி.

“பாத்தியளே! பெத்த தகப்பனுக்குச் சமமான மனுசன் இஞ்சை கிடக்கிறார். பொம்பிளைப்பிள்ளை லொறி ஓட வெளிக்கிட்ட நேரம்தான் அவரையும் கொண்டுபோட்டுது.”

அதுவரை தலை குனிந்திருந்த மகாதேவி எழுந்தார். மகளை அடக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கஜானியும் அப்படித்தான் நினைத்தாள்.

“மோனை பிரகலாதன், துடக்குத்தானே உன்ரை பிரச்சினை? அவளின்ரையையும் நான் காக்கிறன். என்ரை முப்பத்தொண்டு முடிய அவளின்ரை முப்பத்தொண்டு. வீட்டை விட்டு அசையமாட்டன். அவள் போகட்டும்.”

ஒரு கிழவர் இருமினார். “ஒராளின்ரை துடக்கை இன்னொராள் காக்கிறதோ? அப்பிடி ஒரு முறை இல்லைப் பிள்ளை.”

“ஏன் இல்லை? என்ரை மனிசன் செத்தபோது இந்த வீட்டுத் துடக்கை ஆர் காத்தது? இவை தேர் இழுக்கப் போச்சினம். இவையின்ரையையும் சேர்த்து நான்தான் காத்தனான். எனக்கு அது பழக்கம்.”

வெளியே பறை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிரகலாதன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். யாரோ, “சரி, நேரம் போகுது, தூக்குங்கோ,” என்றார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் மயிலிட்டியில் மீன் பெட்டிகள் ஏறி முடிந்தன. தனோஜன் அலைதடுப்புச் சுவரில் குந்தியிருந்தான். அவள் வராமல் விட்டால் ஏறுவதற்குக் கையில் பையும் வைத்திருந்தான்.

“கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கேல்லையோ?” என்று லெனாட் கேட்டார்.

“துடக்கு அண்ணை. கோயில் இல்லை.”

“அப்ப அந்தோனியாருக்கு நான் ஒரு மெழுகுதிரி கொளுத்திறன். அவர் உதெல்லாம் பாக்கமாட்டார்.”

அவள் ஏறினாள். எஞ்சினை இயக்கிக் கிளச்சை விட்டதும் லொறி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பெட்டி ஏற்றியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருடைய வாயிலும் துடக்கு என்ற ஒரே சொல்தான் நின்றது.

“வழியிலை நிண்டால் கோல் பண்ணு அக்கா, வாறன்,” என்றான் தனோஜன்.

“உன்ரை நம்பர் என்னட்டை இல்லை. எடுக்கப்போறதும் இல்லை.”

மறுபடியும் இயக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரின் முகங்களையும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, லொறியைத் துறைமுக வாசலால் வெளியே எடுத்தாள். செவ்வாய்க்கிழமை விடிய மீன் கொழும்பில் இறங்கியது.

கஜானி இப்போதும் லொறி ஓடுகிறாள். லெனாட் இரண்டாவது லொறி வாங்கினார். அதைத் தனோஜன் ஓடுகிறான். பிரகலாதன் அந்தக் குடும்பத்தோடு இன்னும் கதைப்பதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு மற்றவர்கள் எல்லாரும் துடக்குக் கழித்தார்கள். மகாதேவி கழிக்கவில்லை. சொன்னபடி இன்னும் முப்பத்தொரு நாள் வீட்டுக்குள் இருந்தார். அம்மன் கோயில் தேர் அந்த நாட்களுக்குள் வந்தது. அவர் போகவில்லை.