டிரைவர் காலுக்கு ஒரு தாளம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது சின்னவளின் வேலை. கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். காலையில் ஏழிலிருந்து எட்டு வரை அவள் பாட்டுக் கட்டுவாள்.

பாட்டென்றால் பாடுகிற பாட்டில்லை. அவளுக்குக் குரலும் கிடையாது, எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. வீட்டுக்காரரின் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் அவர் ஒரு திறமூல மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் உள்ளே புகுந்து திருத்தவும் செய்யலாம் என்று ஊருக்கே திறந்துவிட்ட வகை. திரையில் பதினாறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். எந்தக் கட்டத்தைத் தட்டுகிறோமோ அந்த இடத்தில் ஒரு சத்தம் விழும். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி எல்லாக் கட்டத்தையும் தொட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓடும்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் வாரம் பறைச் சத்தம் மட்டும், வேறெதையும் தொடமாட்டாள். அடுத்த வாரம் அடிக்குரல், அதாவது அடியில் கனமாக முழங்கும் சத்தம். பிறகு பறையை அடைத்துவிட்டு, அடிக்குரல் தன் காலில் நிற்கிறதா என்று கேட்பாள். நின்றால்தான் மெட்டு, அதுவும் ஐந்து சுரத்துக்கு மேல் கிடையாது. தினமும் புது எண் போட்டுச் சேமிப்பாள், பழையதை அழிக்கமாட்டாள். என்ன மாற்றினாள் என்று நோட்டில் ஒரு வரி.

"குழம்புல உப்புப் போட்டியான்னு கேட்டா ஞாபகமில்லங்கற. இதுக்கு மட்டும் நோட்டு" என்பார் வீட்டுக்காரர்.

அவளுடைய அக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபி பார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததுமே கேட்டாள்.

"ஏய், உன் பெட்டியில டக் டக்னு ஒரே சீரா சத்தம் வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

"எதுக்கு?"

"வாதம் வந்து எழுந்தவங்களுக்கு. சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நடந்தா கால் ஒழுங்குக்கு வரும்."

"அதான் போன்லயே இருக்கே."

"போட்டுப் பாத்தேன். மரங்கொத்தி மண்டையைக் கொத்தற மாதிரி இருக்குங்கறாங்க. நீ கொஞ்சம் காது குடுத்துக் கேக்கற மாதிரி பண்ணு."

சின்னவள் தன் முறைப்படியே மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். "நீ முடிக்கறதுக்குள்ள என் பேஷண்ட் எல்லாம் குணமாகி வீட்டுக்கே போயிடுவாங்க போல" என்று அக்கா இரண்டு முறை போன் செய்தாள். தாளம் கைக்கு வந்ததும் ஐந்து பேருக்குப் போட்டுப் பார்த்தாள். நான்கு பேருக்குப் பிடித்தது. ஐந்தாமவருக்கு ஒத்துவரவில்லை.

கடைக்கு விடுமுறையான புதன்கிழமை சின்னவள் நேரில் போய்ப் பார்த்தாள். நீளமான அறை. நடுவில் இடுப்பு உயரத்தில் இரண்டு கம்பிகள், தரையில் மஞ்சள் நாடா, கடைசிச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அந்த ஐந்தாமவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான்.

"நீதான் பாட்டுப் போட்ட பொண்ணா? நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நான் ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ள அது விசில் குடுத்துடுது. கிளட்ச் கால் படுத்துக்கிச்சு பாரு, என்ன பண்றது" என்று இடது தொடையைத் தட்டினார்.

அவர் கம்பிகளுக்கு நடுவே பாட்டில்லாமல் நடந்தார். செருப்புச் சத்தத்தைச் சின்னவள் போனில் பதிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலை அதைக் கணினியில் ஏற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு அடியும் திரையில் ஒரு முகடாகத் தெரிந்தது. வலது கால் விழுந்து இடது கால் விழ நேரமாகிறது. இடதுக்கும் வலதுக்கும் நடுவே நேரமே இல்லை. அளந்தாள். இரண்டையும் சேர்த்து நூறு என்று வைத்தால் முன்னது அறுபத்தொன்று, பின்னது முப்பத்தொன்பது. இருபது அடிக்கும் இதே கணக்கு. இவ்வளவு பிசகாமல் ஒரு மனிதர் நொண்டுவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மென்பொருளைத் தமிழாக்கிய புண்ணியவான் யாரோ, தாளத்தின் இரண்டாவது தட்டைத் தள்ளிப்போடும் வசதிக்கு 'ஊஞ்சல்' என்று பேர் வைத்திருந்தார். ஐம்பதில் வைத்தால் சீர். ஏற ஏறத் தட்டு பிந்தி விழும். ஊஞ்சலை அறுபத்தொன்றில் வைத்தாள். செருப்புச் சத்தத்தின் மேலேயே பறையைப் போட்டாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"கோணலுக்குத் தாளம் போட்டா கோணலே பழகிடும்டி. நேரா நடக்க வைக்கத்தானே எனக்குச் சம்பளம்?"

"முதல்ல அவர் கால் விழற இடத்துல சத்தம் விழட்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரு புள்ளி நான் நகத்தறேன். கால் பின்னாடியே வரும்."

"வரும்னு யார் சொன்னா? நீ கண்ணாடி தேய்க்கறவ."

"ஆமா. பவரை ஒரேயடியா மாத்தினா ஆளுக்குத் தலை சுத்தும். எங்க கடையில படிப்படியாத்தான் மாத்துவாங்க."

"ரெண்டு வாரம் தர்றேன். ஒண்ணும் ஆகலன்னா நிறுத்திடுவேன்" என்றாள் அக்கா.

முதல் வாரம் அறுபத்தொன்று. டிரைவர் நடந்துகொண்டே தலையை ஆட்டினார். அடுத்த வாரம் அறுபது. அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை, கால் கூடவே வந்தது; அக்காவும் நிறுத்தவில்லை. மூன்றாம் வாரம் சின்னவளுக்கு ஆசை மீறி, இரண்டு புள்ளி இறக்கி ஐம்பத்தெட்டு வைத்தாள். அன்று டிரைவருக்குக் கால் இடறியது. கம்பியைப் பிடித்துத் தப்பினார். அக்கா போனில் சொன்னாள். மறுநாளே சின்னவள் ஐம்பத்தொன்பது ஆக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு என்று இறங்கி ஐம்பத்துநான்குக்கு வர மேலும் ஐந்து வாரம் ஆயிற்று.

ஐம்பத்து மூன்றுக்குக் கால் வர மறுத்தது. மூன்று வாரம் முயன்றும் வரவில்லை. ஐம்பதைத் தொடாமல் விடுவதில்லை என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

"நூத்துக்கு அம்பது வாங்கி நான் எந்தப் பரீட்சைம்மா பாஸ் பண்ணப் போறேன்?" என்றார் டிரைவர். "கடைக்குப் போறேன், வர்றேன். விழல. இது போதும். அம்பத்துநாலையே வீட்டுக்குக் குடுத்துடுங்க."

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் அவரை நீள நடையில் நடக்கவிட்டுக் கடிகாரம் பார்த்தாள், படியேறச் சொன்னாள், திரும்பச் சொன்னாள். பிறகு வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

டிரைவர் சின்னவளைக் கூப்பிட்டார். "ஒரே ஒரு குறைம்மா. இது நிக்கவே மாட்டேங்குது. நான் நாற்காலிகிட்ட வந்துட்டேன், அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. சத்தம் போனா இந்தக் காலும் போகத்தான் பாக்குது. பிரேக் இல்லாத வண்டியை எப்படிம்மா ஓட்டறது?"

சின்னவள் கட்டியது எதற்கும் முடிவென்று ஒன்று கிடையாது. கோடு ஓடும், மறுபடி ஓடும், அவள் நிறுத்தினால் நிற்கும். அவளுடைய முறையில் அதற்கொரு படியே இல்லை.

"உங்க வீட்டுல நாற்காலியிலிருந்து வாசலுக்கு நடந்தா எத்தனை காலடி?" என்று கேட்டாள்.

மறுநாள் போன் வந்தது. முப்பத்தாறு, இரண்டு முனையிலும் திரும்ப ஆறு ஆறு. ஒரு தட்டுக்கு ஓர் அடி என்பதால் மீதியைக் கணக்கே சொல்லிவிட்டது. அக்கா சொன்னபடி பத்து முறை போய்வந்து அவர் நாற்காலிக்கு வரும்போது எத்தனையாவது தட்டு என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

நாற்காலிக்குப் பிறகுதான் சிக்கல். நாலு நாள் காலையில் அவளே ஒரு முக்காலியை வைத்துத் திரும்பித் திரும்பி உட்கார்ந்து பார்த்தாள். காப்பியோடு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, உக்காரப் பழகறியா?"

"ஆமா. நீங்க எப்படி உக்காருவீங்க? உக்காந்து காட்டுங்க."

அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நாலு தடவை உட்கார்ந்து எழுந்தார். நாலு குட்டி அடியில் திரும்பி, முழங்காலின் பின்புறம் விளிம்பில் பட்டு, கையால் பிடித்து, பிறகு மெல்ல இறங்குவது. அதன்படியே கட்டினாள். நாற்காலிக்கு இன்னும் எட்டுக் காலடி இருக்கும்போது ஒரு மணிச் சத்தம். பிறகு தளர்ந்துகொண்டே போகும் நாலு தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. கடைசியாக அடிக்குரல் மட்டும் நீளமாகக் கீழே இறங்கி அடங்கும். பதினொரு முறை சேமித்த பிறகுதான் அது சரியாக வந்தது. பன்னிரண்டாவதை டிரைவருக்கு அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து அவர் பேசினார். "சொன்ன இடத்துல உக்கார வைக்குதும்மா. நாற்காலியை யாரும் ஒரு இன்ச் நகத்தக்கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டிருக்கேன். என் மருமக பெருக்கும்போது சுத்திப் போறா."

அடுத்த மாதம் அக்கா வேறு இருவரின் செருப்புச் சத்தத்தை அனுப்பினாள். ஒருவருக்கு வலது கால், ஐம்பத்தேழு. இன்னொருவருக்கு ஒரு அடி போல இன்னொரு அடி இல்லை. முகடுகள் கண்டபடி விழுந்திருந்தன. முதலாமவருக்குக் கட்டிக் கொடுத்தாள். இரண்டாமவருக்கு என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். மாதத்துக்கு இரண்டு பேருக்கு மேல் அனுப்பாதே என்றும் சொன்னாள். அக்கா சரி என்றாள். மூன்று பேரை அனுப்பினாள்.