ஆன்றோவுக்கு மெழுகுவர்த்தி வேண்டாம்

என் நாவலைப் பற்றி வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் துடித்தவள் நான்தான். ஆகவே யாரையும் குறை சொல்லித் தப்பிக்க வழியில்லை. பதிப்பாளர் கருத்தையா மதுரையிலிருந்து போன் போட்டு, "காரைக்குடியிலயே ஒரு வாசகர் கூட்டம் வச்சிருவோம்மா. ரெண்டாம் பதிப்புக்கு முந்தி நாலு பேரு கருத்தைக் கேட்டுக்கிட்டா நல்லது" என்றபோது, வாயெல்லாம் பல்லாகச் சரி என்றேன்.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் சென்டர் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துவிட வேண்டாம். ஜாதகம் போடுகிற கடை. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் நான் தட்டினால், பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டே கட்டம் கட்டமாகத் துப்பும். ஜோசியரிடம் மல்லுக்கு நிற்கிற ஆட்கள்கூட அந்த ஓரத்தில் ஓட்டை போட்ட தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். ஜெரினா என்கிற நான், ஒரு கிறிஸ்தவப் பெண், உட்கார்ந்து அவர்கள் வீட்டுச் செவ்வாய் தோஷத்தை அச்சடித்துக் கொடுப்பதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. மிஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் 'செம்புச் செவி' எனக்குள் வந்தது. நூறு வருடம் கழித்து ஒரு நகரம். அங்கே எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். மனதில் நினைப்பதெல்லாம் அது வழியாகக் கம்பியில் ஓடி ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். அதற்குள் புகுந்து களவாட ஒருத்தியால்தான் முடியும். அவள் உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடங்கி வம்சம். ஒரு கை கீபோர்டில், ஒரு கை உடுக்கையில்.

பதினோராம் அத்தியாயத்தில் அவளுக்குக் கம்பிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். கரண்டு லைன் வேலை பார்க்கும்போது செத்துப்போன ஒரு பையனின் குரல். "அக்கா, எனக்கு இப்ப வலிக்கல. கம்பியில ஓடிக்கிட்டே இருக்கேன். ஊரெல்லாம் பாக்குறேன்" என்பான். அவ்வளவுதான் அவன் பங்கு. வருவான், பேசுவான், போய்விடுவான். கதைக்கு அவனால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

அவன் என் தம்பி ஆன்றோ. கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே ஒரு காண்ட்ராக்டரிடம் கூலிக்குப் போய்க் கம்பத்தில் ஏறினான். "லைனை நிப்பாட்டியாச்சு, ஏறுடா" என்றார்கள். நிப்பாட்டவில்லை. அவனைக் கீழே இறக்குகிறவரை அம்மா கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இதற்குமேல் இதைப் பற்றி நான் பேச மாட்டேன். பேச முடியாமல்தான் அந்த அத்தியாயத்தை எழுதித் தொலைத்தேன்.

கூட்டம் செக்காலை ரோட்டில் ஒரு டுடோரியல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. தலைமை முத்துக்கருப்பன், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். "நூலை இன்னும் நான் படிக்கவில்லை. ஆனால் அட்டையைப் பார்த்தாலே ஆசிரியரின் உழைப்பு தெரிகிறது" என்று தொடங்கி, விஞ்ஞானம் பெரிதா மெய்ஞ்ஞானம் பெரிதா என்று அவர் பிளந்து கட்டியதில் டீ ஆறிப்போனது. அட்டையை வரைந்தவன் சிவகாசிக்காரன். அந்த உழைப்பும் என் கணக்கில் வந்துவிட்டது.

அடுத்து எழுந்தது சிட்டாள் ஆச்சி. பெரிய வீட்டு மனுஷி. லைப்ரரியில் ஒரு நாவல் விடாமல் படிக்கிறவர். "நல்லாத்தான் எழுதியிருக்க ஆத்தா. ஆனா கோடங்கி குளிக்காம கொள்ளாம உடுக்கையைத் தொடுறாளே, அது தப்பு. அதை மாத்திப்புடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல வெள்ளிக் குடம் ஒண்ணு காணாமப் போச்சு. இந்த மாதிரிக் கம்ப்யூட்டருல பாத்துச் சொல்ற ஆளு நெசமாவே இருக்காகளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

பாலிடெக்னிக்கில் படிக்கிற சுஹைல் மட்டும்தான் புத்தகத்தை வரிக்கு வரி படித்திருந்தான். படித்தவன் சும்மா இருப்பானா? "அக்கா, தப்பா எடுத்துக்காதீக. மந்திரம் சூப்பர், கம்பெனிக்குள்ள புகுந்து ஃபைலைத் திருடுற எடம் சூப்பர். ஆனா அந்த லைன்மேன் பையன் வர்ற அத்தியாயம் சுத்த வேஸ்ட். அவன் காதுல மட்டும் தகடே பதிக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீக. அப்பறம் அவன் நெனப்பு எப்படிக் கம்பிக்குள்ள போச்சு? லாஜிக் இடிக்குதே!"

மாடி முழுக்கத் தலை ஆடியது. "கரெக்டு தம்பி." "அந்த எடத்துல எனக்குத் தூக்கமே வந்துருச்சு." "அழுகாச்சியா இருக்கு." புத்தகமே படிக்காத முத்துக்கருப்பனும், "ஆமாமா, அதைத் தவிர்த்திருக்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கழுத்தில் கிடந்த துண்டைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது.

அவன் என் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் உச்சுக் கொட்டியிருப்பார்கள். பாவம் என்று அந்த அத்தியாயத்தை விட்டுவைத்திருப்பார்கள். அந்தப் பிச்சை எனக்கு வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்கள் கருத்துகளுக்கு நன்றி" என்றேன். இப்படி ஒரு நன்றியை என் எதிரிக்குக்கூடச் சொல்ல நேரக்கூடாது.

படி இறங்கும்போது, கூட்டத்துக்காக மதுரையிலிருந்து வந்திருந்த கருத்தையா கூடவே வந்தார். "கேட்டீகல்ல? நானும் அன்னைக்கே நெனச்சேன், சொல்லல. அந்தப் பையனைத் தூக்கிட்டா கதை பிச்சுக்கிட்டுப் போயிரும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போன்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க. செவ்வாக்கிழமை அச்சுக்குப் போகுது."

"தூக்க முடியாதுன்னா?"

"முடியாதுன்னா என்னம்மா பண்ண? வேற புத்தகம் வரிசையில கெடக்கு. அதைப் போட்டுட்டு, இதை மெதுவாப் பாத்துக்கிருவோம்."

மெதுவாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆன்றோவோடு சேர்த்துப் புத்தகத்தையும் புதைத்துவிடுவார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். செத்தவர்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தால், சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து ஒவ்வொன்றாக மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்கு ஒரு கல்லறை இருட்டாகக் கிடந்தால் அந்த வீட்டு ஆட்களுக்கே அவமானம்.

போகிற வழியெல்லாம் மனதுக்குள் கருத்தையாவோடு சண்டை போட்டேன். எடுக்க முடியாது, ஆனதைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவதாக முடிவு கட்டினேன். அந்த முடிவோடுதான் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன்.

அப்பாவின் கல்லறையில் அம்மா கனகாம்பரச் சரத்தைச் சுற்றி, மெழுகுவர்த்தியை நட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஆன்றோவின் கல்லறை. சுண்ணாம்பு இல்லை, பூ இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. தும்பை முளைத்துக் கிடந்தது.

"என்னம்மா, தம்பிக்கு ஒண்ணும் வைக்கலையா?"

"அவனுக்கு எதுக்குடி?" என்றாள் நிமிராமலே.

"எதுக்கா? என்னம்மா பேசுற?"

"அவன்தான் இங்கன இல்லையே. ஆன் மேரி வாசிச்சுக் காமிச்சா."

ஆன் மேரி பக்கத்து வீட்டுப் பால்வாடி டீச்சர். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் கொண்டுவந்து கொடுத்த புத்தகத்தை மாதா படத்துக்கு அடியில் வைத்திருந்தாள். மரியாதைக்கு வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தெனம் செபமாலை சொல்லி முடிச்சதும் அந்த ஒரு எடத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுவேன். கம்பியில ஓடிக்கிட்டே இருக்கானாமே, ஊரெல்லாம் பாக்குறானாமே. வீட்டுல லைட்டு மினுக்குனா, வந்துட்டான்யான்னு நெனச்சுக்கிருவேன். இந்த வருசம் ஆத்துமப் பூசைக்கும் சாமியார்ட்டச் சொல்லல. உசுரோட இருக்கிறவனுக்கு யாராச்சும் பூசை வைப்பாகளா?"

"அம்மா, அது கதைம்மா!"

"போடி. கம்ப்யூட்டரு படிச்சவ நீ. ஊரு சனம் பூராம் உங்கிட்ட வந்து தலையெழுத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகுது. நாலு பேருக்குச் சொல்ற நீ, ஒன் தம்பி விசயத்துல தெரியாமயா எழுதுவ?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். எழுதினவளுக்கு இதைவிட ஒரு வாசகி கிடைப்பாளா? ஆனால் எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. முதல் நாள் மாடியில் விழுங்கினது எல்லாம் மேலே வந்தது. சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம். என் தம்பி மட்டும் நான் எழுதிய எழுத்தால் அநாதையாகக் கிடக்கிறான். சாமியார் மூன்று கல்லறை தள்ளி வந்துகொண்டிருந்தார்.

"பொய்ம்மா!" என்று கத்திவிட்டேன். "அம்புட்டும் பொய். நானா உக்காந்து இட்டுக்கட்டி எழுதுனது. கம்பியிலயும் இல்ல, ஒரு மண்ணுலயும் இல்ல. இந்தா, இதுக்குள்ளதான் கெடக்கான். நேத்து அத்தன பேரு முன்னாடி அது வேஸ்டு, தூக்கிப் போடுன்னு சொல்லிட்டாக. நீ ஒருத்திதான் அதைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்க!"

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையிலிருந்த பூச்சரத்தைக் கீழே வைத்தாள்.

"அம்புட்டுமா?"

"ஆமா."

"வலிக்கலன்னு சொல்றானே... அதுவுமா?"

ஆமாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இல்லை என்று சொல்லவும் நேரம் கடந்துவிட்டது. அதுவரை நான் நினைத்திருந்தது, அம்மா அவனைக் கம்பிக்குள் தேடுகிறாள் என்று. அவள் தேடியது அந்த ஒரு வார்த்தையைத்தான். கம்பத்தடியில் அண்ணாந்து நின்றவளுக்கு, நான்தான் அதைக் கொடுத்தேன். நானே பிடுங்கிக்கொண்டேன்.

அப்பா கல்லறையில் இருந்த மெழுகுவர்த்திகளில் ஒன்றை அம்மா பிடுங்கினாள். தும்பையை ஒதுக்கிவிட்டு ஆன்றோவின் தலைமாட்டில் நட்டாள். தீக்குச்சி இரண்டு அணைந்துபோனது. நான் வாங்கி ஏற்றப் போனேன். அவள் கொடுக்கவில்லை. அவளே ஏற்றினாள்.

சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அவுக சொன்னது சரிதான்டி. அதை எடுத்துரு."

கல்லல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கருத்தையாவுக்குப் போன் போட்டேன். பொங்கலுக்கு இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. விறுவிறுப்பாக இருக்கிறதாம்.